இருபத்து நான்கு டிகிரி

பெட்டியின் பிளாஸ்டிக் சன்னலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தூசியாக இருக்கும் என்று எப்சி துப்பட்டாவின் நுனியால் துடைத்தாள். போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள். அப்போதுதான் தெரிந்தது, அது உள்பக்கம் இருந்தது.

காலை எட்டே முக்கால் மணி. மருத்துவமனையில் நைட் டூட்டி முடித்து, பேருந்தில் நின்றுகொண்டே சத்துவாச்சாரிக்கு வந்து, மாடிப்படி ஏறி, கைப்பையைக்கூடக் கழற்றாமல் அவள் தினமும் முதலில் நுழைவது இந்த அறைக்குள்தான். கணவன் ரெனால்டின் உத்தரவு அது. ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவனுக்கு. ரயில் குடியாத்தத்தைத் தாண்டும்போது போன் செய்து, ஏசியில் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று கேட்பான். இருபத்து நான்கு என்று சொல்ல வேண்டும். இருபத்தாறு என்றால் குரல் மாறிவிடும்.

மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை அலமாரிகள். அவற்றில் இருநூற்றுப் பதினான்கு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும், காமிக்ஸிலிருந்தோ சினிமாவிலிருந்தோ இறங்கி வந்த, ஒரு சாணுக்குமேல் உயரமுள்ள ஒரு பொம்மை வீரன் கால்களை அகட்டி நின்றிருந்தான். போர்வை போர்த்தியவர்கள், இறக்கை முளைத்தவர்கள், உடம்பு முழுக்க இரும்பானவர்கள். ஒரு பெட்டியையும் ரெனால்ட் திறந்ததில்லை. திறந்தால் மதிப்புப் போய்விடும். வெயில் பட்டால் பிளாஸ்டிக் மஞ்சளாகும், சூடு பட்டால் பிசுபிசுக்கும், ஈரம் பட்டால் அட்டை உப்பும். அதனால் அந்த வீட்டின் ஒரே ஏசி இரவும் பகலும் அந்த அறையில்தான் ஓடியது. கதவிடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டி, சன்னலைத் தெர்மாகோலால் அடைத்து, புது பிளாஸ்டிக்கும் அட்டையும் கலந்து நாக்கில் லேசாக இனித்து ஒட்டும் ஒரு வாசனையோடு அந்தக் குளிரை அவன் பூட்டிவைத்திருந்தான். எப்சி பகலில் தூங்கும் பக்கத்து அறைக்குச் சுவர் வழியாக அதன் உறுமல் மட்டும் வந்தது.

"உங்க வீட்டுக்காரர் ஃபிகர் சேக்கறாராமே சிஸ்டர்" என்று வார்டில் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். பதினோரு வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை இல்லை. அந்த அறை குழந்தைக்கென்று வெளிர் மஞ்சள் அடித்து வைத்தது.

போன் அடித்தது.

"இருபத்து நாலுதான்" என்றாள். "ஆனா ஒரு பாக்ஸ்ல உள்ள ஆவி புடிச்ச மாதிரி இருக்குதுங்க."

"எந்த பாக்ஸ்?"

"நடு ஷெல்ஃபுல. கரும்பச்சை டிரெஸ், பாதி முகமூடி."

"உள்ளயா, வெளியயா? ஒழுங்கா பாரு."

அவள் பார்த்தாள். வெள்ளை வட்டம் இல்லை. பிளாஸ்டிக் துல்லியமாக இருந்தது. மூக்குவரை முகமூடி போட்டவனின் வாய் மட்டும், ஒரு கோடுபோல இறுகி, தெளிவாகத் தெரிந்தது.

"போய்ட்ச்சி" என்றாள்.

"தூக்கக் கலக்கத்துல பேஜார் பண்ணாத எப்சி" என்று அவன் வைத்துவிட்டான்.

அவள் திரும்பினாள். கதவை மூடும் முன் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். வட்டம் மறுபடி இருந்தது. சரியாக அந்த வாய்க்கு நேரே.

மறுநாள் காலை அவள் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வட்டம் வெள்ளையாகப் படர்ந்தது, ஓரத்திலிருந்து சுருங்கியது, மறைந்தது. மறுபடி படர்ந்தது. பதினாறு வருடம் நுரையீரல் வார்டில் வேலை பார்த்தவளுக்குக் கை தானாகவே கடிகாரத்துக்குப் போயிற்று. ஒரு நிமிடம் எண்ணினாள். இருபத்தெட்டு.

விரலின் பின்புறத்தை பிளாஸ்டிக்கில் வைத்தாள். சுற்றிலும் சில்லென்றிருந்தது. வாய்க்கு நேரே மட்டும் வெதுவெதுப்பு.

எண்ணிக்கையைவிட அதன் நடைதான் அவளை எழுந்து நிற்க வைத்தது. வெள்ளை சட்டென்று மறைந்தது. படரும்போது மட்டும் நிதானமாக, குவித்த உதடு வழியாக யாரோ கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுபோல, நீண்டுகொண்டே போயிற்று. அப்படி மூச்சுவிட ஒருவருக்கு அவளேதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். "மெழுகுவத்திய ஊதற மாதிரி ஊதுங்கப்பா. அணையக் கூடாது, ஆடணும், அவ்ளோதான்."

அவளுடைய அப்பா சுந்தர்ராஜ் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷெட்டில் முப்பத்தோரு வருடம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். போன வருடம் மே மாதம், மூச்சு முடியாமல் மகள் வீட்டுக்கு வந்தார். குளிர்ந்த அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். "கட்டில் போட எடம் இல்ல" என்றான் ரெனால்ட். எடம் பண்ணலாம் என்றாள். "நெபுலைசர் ஆவி மொத்தமும் பாக்ஸ்ல எறங்கும். பத்து நாளைக்காக பன்னெண்டு வருஷ கலெக்‌ஷன வீணாக்கச் சொல்றியா?" ஒரு நாள் முழுக்க அவள் சண்டை போட்டாள். இரண்டாம் நாள் கட்டிலை ஹாலில் போட்டு, டேபிள் ஃபேனைக் காலடியில் வைத்தாள். அது அனல் காற்றை அவர் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. பதினோராம் நாள் பிற்பகல் அவர் போய்விட்டார்.

வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டிக்குள் வைத்தபோதுதான் அந்த வீட்டில் அவருக்குக் குளிர் கிடைத்தது. மேல் கண்ணாடியில் ஆவி படியப் படிய, முகம் பார்க்க வந்தவர்கள் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். போதகர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது கூரியர் வந்தது. ரெனால்ட் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டு, தரையில் உட்கார்ந்திருந்த சனங்களைத் தாண்டி, பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு ஏசி அறைக்குள் போனான். கரும்பச்சை உடை, பாதி முகமூடி.

பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மூச்சை எண்ணிய அன்று இரவு, டூட்டிக்குக் கிளம்பும் முன் அவனிடம் சொன்னாள். ரெனால்ட் டார்ச்சோடு அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து வந்தான்.

"ஆமா. உள்ள மாய்ஸ்ச்சர் இருக்குது."

"மாய்ஸ்ச்சர் இல்லங்க. நல்லா பாருங்க. அப்பா மூச்சு மாதிரியே..."

"நீ குளிச்சிட்டு ஈரத் தலையோட உள்ள போனியா?"

"நான் இன்னா சொல்றேன், நீங்க இன்னா கேக்கறீங்க?"

"உங்கப்பாவுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? ஒண்ணு இல்ல எப்சி, இப்ப மூணு பாக்ஸ்ல புடிச்சிருக்குது. பரவுது."

மூன்று என்றான். மூன்றும் ஒரே நேரத்தில் வெளுத்து ஒரே நேரத்தில் தெளிந்ததை அவன் கவனித்தானா என்று அவள் கேட்கவில்லை. அவன் ஏற்கெனவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைத் தேடிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை ஒன்பது பெட்டிகள். நிமிடத்துக்கு மூச்சு முப்பத்து நான்கு. அன்று பகல் அவள் தூங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏசியின் உறுமலுக்கு அடியில், காய்ந்த ஓலை உரசுவதுபோல இன்னொரு ஓசை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு வாசனை வந்தது. அப்பா வேலை முடிந்து வரும்போது, எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் போகாத, அந்தக் காரமான பச்சைத் தோல் வாசனை.

வெள்ளிக்கிழமை மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு. ஒன்பதிலிருந்து ஐந்துவரை மின்சாரம் இருக்காது. முகூர்த்த நாள் என்பதால் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர்கூடக் கிடைக்கவில்லை. ரெனால்ட் கம்பெனிக்கு லீவு போட்டான். மாமனார் அடக்கத்துக்கு அரை நாள் லீவு போட்டவன் அவன்.

எப்சி படியேறும்போது கீழ்வீட்டு முபஷ்ஷிரா பையோடு நின்றிருந்தாள்.

"அக்கா, நாங்க அம்மா வீட்டுக்குப் போறோம். கரெண்ட் இல்லாம இந்த வெயில்ல இருக்க முடியாது. நீங்களும் வாங்களேன்."

"இல்லம்மா. அவரு இருக்காரு."

மேலே அவன் ராத்திரி முழுக்கப் பதினெட்டில் ஏசியை ஓடவிட்டு அறையை ஐஸாக்கியிருந்தான். ஒரு நாற்காலி, சார்ஜ் லைட், ஈரப்பதம் காட்டும் மீட்டர் எல்லாவற்றையும் உள்ளே வைத்திருந்தான். கையில் பிரவுன் டேப்.

"உள்ளேர்ந்து கதவ ஒட்டிக்கிறேன். கதவத் தொறந்தா குளிர் போய்டும். அஞ்சு மணிக்கு வர்றேன்."

"மூச்சு முட்டப் போவுது."

"எட்டு மணி நேரம்தானே. நீ தூங்கு. என்னைக் கூப்பிடாத."

"இன்னிக்கு எத்தனை பாக்ஸ்ல இருக்குது?"

அவன் டேப்போடு உள்ளே போனான். கதவு மூடியது. டேப் கிழியும் சத்தம் நான்கு பக்கமும் சுற்றி வந்தது.

ஒன்பது மணிக்கு ஏசி நின்றது. தெருவே நின்றதுபோல் இருந்தது. எப்சி ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்தாள். சுவர்கள் அனலை உள்ளே விட்டன. பதினொன்று. பன்னிரண்டு. வியர்வை காதுக்குள் வழிந்தது. எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை.

தட்டும் சத்தத்தில் விழித்தாள்.

டொக். டொக். டொக்.

பக்கத்து அறையிலிருந்து. மணி இரண்டு.

யாரிடமும் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. அப்பா செத்த அன்றும் மணி இரண்டுதான். பேச மூச்சு இல்லாததால் அவர் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டிக் கூப்பிடுவார். அன்றும் தட்டினார். அவள் தூங்கவில்லை. நன்றாகக் கேட்டது. இரண்டு நாள் தொடர்ந்து தூக்கமில்லாத உடம்பு, அஞ்சு நிமிஷம் கழித்துப் போகலாம் என்றது. தலையணையை எடுத்துக் காதின்மேல் வைத்து அமுக்கிக்கொண்டாள். தட்டும் சத்தம் நின்றபோது, அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவைத்தான் ஒரு வருடமாக அவளால் விழுங்க முடியவில்லை.

டொக். டொக்.

ரெனால்ட்தான். டேப்பைப் பிரிக்க முடியவில்லையோ, தண்ணீர் வேண்டுமோ. என்னைக் கூப்பிடாதே என்றவன். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அப்பா ஹாலில் அனலைக் குடித்துக்கொண்டு படுத்திருந்த பதினோரு நாளும் அந்தக் கதவு இப்படித்தான் மூடிக் கிடந்தது. கொஞ்சம் தெரியட்டும். அஞ்சு நிமிஷம் தெரியட்டும். இதை அவள் தெளிந்த மனதோடுதான் நினைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தபடி நினைத்தாள்.

டொக்.

பிறகு இல்லை.

இரண்டு ஏழு. எழுந்தாள்.

கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தாள். டேப் பிய்ந்து வந்தது. உள்ளேயிருந்து சூடான, ஈரமான காற்று முகத்தில் அடித்தது. சுண்ணாம்பு. பச்சைத் தோல். சார்ஜ் லைட் தரையில் உருண்டு கிடந்தது.

ரெனால்ட் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாய் அகலத் திறந்திருந்தது. உதடு நீலம். கண்கள் அவளைப் பார்த்தன. இமைத்தன.

மார்பு அசையவில்லை.

கழுத்தில் விரல் வைத்தாள். துடிப்பு இருந்தது. வேகமாக, ஒழுங்காக. மூச்சுதான் இல்லை.

"முபஷ்ஷிரா!" என்று கத்தினாள். கீழ்வீடு பூட்டியிருப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. போன் படுக்கையறையில். எடுக்கப் போனால் அந்த அரை நிமிடம் இவனுக்கு மூச்சு இல்லை.

அவனைத் தரையில் கிடத்தினாள். தாடையை உயர்த்தினாள். மூக்கைப் பிடித்தாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள்.

மார்பு எழவில்லை.

தலையைச் சரிசெய்தாள். மறுபடி ஊதினாள். தடை எதுவும் இல்லை. காற்று தாராளமாகப் போயிற்று. எங்கோ போயிற்று.

நிமிர்ந்தாள்.

அலமாரி முழுக்க வெள்ளை. மூன்று சுவரிலும், தரையிலிருந்து கூரைவரை, இருநூற்றுப் பதினான்கு சன்னல்களிலும், ஒவ்வொரு வாய்க்கு நேரேயும் ஒரு வெள்ளை வட்டம். நிதானமாக, நீளமாகப் படர்ந்துகொண்டிருந்தது.

பிறகு எல்லாம் ஒன்றாகத் தெளிந்தன.

காத்திருந்தன.

ரெனால்டின் கண்கள் அவளைக் கெஞ்சின. விரலடியில் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஊதுவதை விட்டால் அதுவும் நின்றுவிடும். அது அவளுக்குத் தெரியும்.

குனிந்தாள். ஊதினாள். அறை வெளுத்தது.

தலை சுற்றியது. குனிந்தாள். ஊதினாள். அறை வெளுத்தது.

"அப்பா" என்றாள். அந்தச் சின்ன வார்த்தைக்குச் செலவான மூச்சுகூட மேல் தட்டில் ஒரு பெட்டியின் சன்னலில் போய்ப் படிந்தது.

மணி இரண்டே கால். மின்சாரம் வர ஐந்தாகும். அவள் உதட்டைக் குவித்து, அவன் வாயின்மேல் குனிந்தாள்.