அட்மினுக்கு அனுமதி இல்லை

"ஐயோ... மொதலாளீ!"

வெள்ளிக்கிழமை மத்தியானம். சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போன வேலைக்காரி முனியம்மாளின் அலறலில் மானாம்பதி ரைஸ் மில்லே அதிர்ந்தது.

ஆபீஸ் நாற்காலியில் முதலாளி தேவராஜன்... கழுத்தில் அவருடைய துண்டே இறுகிக் கிடந்தது!

மறுநாள் காலை. அதே ஆபீஸ். பிணத்தை எடுத்துவிட்டார்கள். சந்தேகத்தைத்தான் எடுக்க முடியவில்லை.

அது முழுக்க முழுக்க கீர்த்தியின் மேல்!

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கேமரா கடை வைத்திருப்பவள். மில்லுக்குக் கேமரா மாட்டியவள். படங்களைச் சேமிக்கும் நெட்வொர்க் பெட்டியில் யார் பார்க்கலாம், யார் அழிக்கலாம் என்று உரிமை பிரித்துக் கொடுத்தவளும் அவளே. வினை அங்கேதான் வந்தது.

"சாவு பதினோரு மணி வாக்குல," என்றாள் இன்ஸ்பெக்டர் கல்பனா. "காலையில பதிவான அத்தனை படத்தையும், பன்னெண்டு மணிக்கு மேல இதே ரூம்ல உக்காந்து யாரோ அழிச்சிருக்காங்க. அட்மின் பாஸ்வேர்டைப் போட்டு! அது யார் யாருக்குத் தெரியும்?"

"ரெண்டே பேருக்கு மேடம்... முதலாளிக்கும் எனக்கும்."

"செத்தவர் எழுந்து வந்து அழிக்க மாட்டார். அப்ப மிச்சம்?"



"நான் கடையிலதான் இருந்தேன் மேடம்!"

"சாட்சி?"

"தனியாத்தான்..."

"வசதியா போச்சு!"

ஜன்னலோரம் நின்ற குமரேசன் பொறுமை இழந்தான். தேவராஜனின் தம்பி மகன்.

"இன்னா மேடம், இவளாண்ட பேசிக்கினு? இழுத்துக்கினு போங்க! எனக்குப் படம் பாக்குற பர்மிஷன்கூட கெடையாது. மில்லை வித்துடலாம்னு சொன்னதுக்குப் பெரியப்பா புடுங்கிட்டாரு. அவரோட பேசியே ஒரு மாசம் ஆவுது. இந்தப் பக்கமே நான் வரல!"

கல்பனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கீர்த்தியிடம் திரும்பினாள்.

"ஒண்ணுதான் இடிக்குது. கொன்ன ஆளு உடனே அழிச்சிட்டு ஓடாம, பிணத்துக்குப் பக்கத்துல ஒரு மணி நேரம் எதுக்குக் காத்திருக்கணும்?... சரி, பெட்டியைத் திற. அழிச்சது ஏதாவது மிஞ்சியிருக்கான்னு பாப்போம்."

கீர்த்தி கையைக் கீபோர்டில் வைத்தாள்.

"இப்ப தொறக்காது மேடம்!" குமரேசன் அவசரமாகக் குறுக்கே புகுந்தான். "ராகு காலம் நடந்துக்கினு கீது. பத்தரை ஆவணும்."

கீர்த்தியின் கை நின்றது.

மெல்ல நிமிர்ந்தாள்.

"மேடம்... இது இவருக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

கீர்த்தி பாஸ்வேர்டை அடித்தாள். திரையில் சிவப்பாக ஒரு வரி எழுந்தது.

'ராகு காலம். 10.30க்குப் பிறகு வரவும்.'

"ராகு காலத்துல அட்மினையும் உள்ள விடக் கூடாதுன்னு முதலாளி கேட்டாரு. நாலு பேரு சிரிப்பாங்க, யாராண்டயும் சொல்லாதேன்னாரு. பயத்துல எனக்கே மறந்துபோச்சு மேடம். அதை நான் போட்டது... வியாழக்கிழமை சாயங்காலம்!"

"கொலைக்கு முந்தின நாள்!"

குமரேசனின் முகத்தில் ஈயாடவில்லை.

"அது... பெரியப்பாதான் சொன்னாரு..."

"ஒரு மாசமா பேசாத பெரியப்பாவா?" கல்பனா சிரித்தாள். "மிரட்டிப் பாஸ்வேர்டை வாங்கியிருக்க. கழுத்தை நெரிச்சிருக்க. படத்தை அழிக்கலாம்னு உக்காந்தா, வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலேர்ந்து பன்னெண்டு... பன்னெண்டு மணிக்கு அப்புறம் வான்னு பெட்டி சொல்லிடுச்சு!"

குமரேசன் வாசலுக்குப் பாய்ந்தான். அங்கே நின்றிருந்த கான்ஸ்டபிள் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

கீர்த்திக்கு இப்போதுதான் மூச்சே வந்தது. அடக்கி வைத்திருந்த அழுகையும் கூடவே வந்தது.

கல்பனா விலங்கை மாட்டினாள்.

"கவலைப்படாத குமரேசா... ஜெயில்ல ராகு காலமெல்லாம் பாக்க மாட்டாங்க. எந்நேரமும் உள்ள விடுவாங்க. வெளிய வர்றதுக்குத்தான் பர்மிஷன் கெடையாது!"