மணிக்கு நாற்பது

சாய்ந்தமருதில் சுனாமி அலை விட்டுப்போன ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தில்தான் எங்கள் நிவாரண அலுவலகத்தைத் திறந்தார்கள். 2005 தை மாதம். சுவரில் என் கழுத்தளவுக்குத் தண்ணீர்க்கறை. பின்னறையில் மெயில் சேர்வர். அதைப் பார்ப்பது என் வேலை. ஜின், பேய் என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காணாமற்போனவர்களைத் தேடுகிறவர்கள் எங்களிடம் பெயரும் ஈமெயில் முகவரியும் பதிந்துவிட்டுப் போவார்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற பிள்ளைகளின் முகவரிதான் அதிகம். மையத்து அடையாளம் காணப்பட்டால் எங்களோடு வேலை செய்த றுஸ்தா கடிதம் அடிப்பாள், சேர்வர் அனுப்பும்.

நானும் பதிந்திருந்தேன். என் மனைவி றஹீமா. அலை வந்த காலை அவள் கடற்கரையோரம் உம்மா வீட்டில் இருந்தாள். சம்மாந்துறைப் பக்கம் ஏதோ ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறாள் என்று நான் நம்பினேன். நம்பாமல் எப்படி இருப்பது?

ஒரே நாளில் அறுநூறு கடிதம் போகவும், கொழும்பில் இன்டர்நெட் இணைப்புத் தருகிறவன் எங்களைக் குப்பைக் கடிதம் அனுப்புகிற கூட்டம் என்று நினைத்து அடைத்துவிட்டான். கெஞ்சிக் கூத்தாடித் திறப்பித்தேன். பிறகு, மணிக்கு நாற்பது கடிதம்தான், மிச்சம் வரிசையில் காத்திருக்கட்டும் என்று வரம்பு போட்டேன். எல்லா ஊரிலும் இப்படித்தான் செய்வார்கள்.

றுஸ்தாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஷரிபுதீன் காக்கா, இது மௌத்துச் செய்தி. மையத்தச் சுணக்கப்படாது எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"மையத்த அடக்கியாச்சு புள்ள. கடிதம்தானே சுணங்குது."

அப்படிச் சொன்ன வாயைத் தைக்க வேண்டும்.

மறுநாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். றுஸ்தா மாடியில் தொழுதுகொண்டிருந்தாள். நான் பின்னறையில் தனியே. நல்ல வெயில். வரிசையில் இருநூற்றுப் பன்னிரண்டு கடிதம் கிடந்தது.

முன்னறையில் ஆட்கள் வந்து நிற்கிற அரவம் கேட்டது. கதைபேச்சு இல்லை. ஈரத்துணி உரசுகிற சத்தம். கூடவே சேற்று வாடை.

"ஆரு? தொழுகை முடிஞ்சு வாங்க."

கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன்.

எட்டிப் பார்த்தேன்.

ஒருவரும் இல்லை. சீமெந்துத் தரை முழுக்க ஈரக் காலடிகள். வரிசையாக, வாசலிலிருந்து என் கதவு வரைக்கும்.

ஒரு மணிக்குச் சேர்வர் அடுத்த நாற்பதை அனுப்பியது. முன்னால் நின்ற காலடிகள் என் கண் முன்னாலேயே காய்ந்தன.

பின்னால் நின்றவை நகர்ந்து வந்தன.

யா அல்லாஹ்! செய்தி போகாமல் இவர்கள் போக மாட்டார்கள். கொழும்புக்காரன் எதையும் அடைக்கட்டும் என்று வரம்பைக் கழற்றினேன். வரிசை மளமளவென்று இறங்கியது. நூறு. முப்பது. ஒன்பது.

ஒன்று.

அதன் முகவரி என்னுடையது.

நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தேன். என் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு சோடிக் காலடி, சின்னது, இன்னும் ஈரமாக இருந்தது.

மாடியிலிருந்து இறங்கி வந்த றுஸ்தா என் முகத்தையும் அந்தக் காலடியையும் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"நேர சொல்ல வாய் வரல்ல காக்கா. அதான் அடிச்சு அனுப்பினன். வாசிங்க. றஹீமா ராத்தாவ விட்டுடுங்க."

நான் வாசிக்கவில்லை. வாசித்தால்தானே அவள் மௌத்து. என் முகவரிக்கு மட்டும் மணிக்குப் பூச்சியம் என்று வரம்பு போட்டுவிட்டு, தரையைத் துடைக்காமல் வீட்டுக்குப் போனேன்.

அலுவலகத்தை மூடியபோது அந்தச் சேர்வரை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஒரு நாளும் நிறுத்தியதில்லை. 2009இல் சண்டையும் முடிந்தது. ஊரில் எல்லோரும் தங்கள் ஆட்களுக்குக் கத்தம் ஓதி, அழுது, ஓய்ந்துவிட்டார்கள். றுஸ்தா எனக்குப் போன் எடுத்தாள்.

"நாலரை வருஷம் காக்கா. பாவம் அவ. இன்னும் எவ்வளவு காலம் நிக்க வச்சிருப்பீங்க?"

"ஓம் புள்ள," என்றேன். வெட்கமாக இருந்தது. என் பெண்சாதிக்கு நான் ஒரு யாசீன்கூட ஓதியிருக்கவில்லை.

முகம், கை, கால் கழுவி உளூச் செய்தேன். ஓதினேன். ஓதி முடிக்கும் வரைக்கும் அழுதேன். பிறகு பூச்சியத்தை எடுத்துவிட்டு, கடிதத்தை அனுப்பினேன். போய்விட்டது என்று திரையில் விழுந்தது.

என் ஈமெயிலைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

சேர்வரைப் பார்த்தேன். வரிசையில்: ஒன்று.

மறுபடி அனுப்பினேன். மறுபடி ஒன்று.

நான்தான் அவளைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

மூன்றாம் தடவை அழுத்தப் போன என் விரல்களை, ஈரமான ஒரு சின்னக் கை மெல்ல விலக்கியது.