பானெட்டுக்குள் வேறொரு மீன்

ஹீட்டரைப் போட்டதும் கருவாட்டு வாடை வந்தது.

வண்டிக்குள் கருவாடு இருப்பது ஹேரானுக்குத் தெரிந்த சங்கதிதான். வண்டி வாங்கிய அன்று மாமியார் பன்றித்தலை வைத்துப் படைத்து, நான்கு சக்கரங்களிலும் மக்கொல்லி என்கிற அரிசிக் கள்ளை ஊற்றி, தலையோடு காய்ந்த மீன் ஒன்றை வெள்ளை நூலால் சுற்றி பானெட்டுக்குள் கட்டிவிட்டிருந்தார். கண் மூடாத மீன், வண்டிக்காரருக்கு வருகிற கெட்டதையெல்லாம் தான் வாங்கி வைத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. இத்தனை வருடம் சத்தமில்லாமல் கிடந்த அந்த மீன், புது எஞ்சின் போட்டு வந்த மறுநாள் நாறுகிறது. அதுவும் தீய்ந்த நாற்றம்.

அந்த மாடல் வண்டிகளையெல்லாம் கம்பெனியே திரும்ப அழைத்திருந்தது. ஓடும்போதே எஞ்சின் இறுகித் தீப்பிடிக்கிறதாம். சர்வீஸ் சென்டரில் காசு வாங்காமல் எஞ்சினை மாற்றி, வண்டியைக் கழுவித் துடைத்து அனுப்பினார்கள். வாடையைப் பற்றிச் சொன்னபோது புருஷன் தோசிக் சிரித்தான்.

"ஓசியில புது எஞ்சின் கிடைச்சிருக்கு. அதையும் மோந்து பாத்துக் குறை சொல்றியே, உன்னை என்ன பண்றது?"

அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் பின்சீட்டில் தன் ஐந்து வயதுக் குழந்தை போராமை உட்காரவைத்து பெல்ட் போட்டபோது, எதற்கென்று தெரியாமல் அதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். மலைக்கு அந்தப் பக்கம் சோக்சோ ஊரில் ஹேரானின் அம்மா மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தாள்.

மலைப்பாதை முழுக்கப் பனி வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் பகல் சட்டென்று அணைந்துபோனது. மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூரையில் வந்து போக, சக்கரங்களின் இரைச்சல் சுவரில் மோதித் திரும்பி வர, அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கோ ஆழத்தில், பொறுமையாக, கேட்டும் கேட்காததுமாய் ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது.

டொக். டொக்.

எஞ்சின்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அம்மா, யாரோ தட்டுறாங்க."

"எஞ்சின் சத்தம்டா தங்கம்."

"இல்லம்மா. கண்ணாடியில."

ஹீட்டர் துவாரம் வழியே சாம்பல் நிறப் புகை கசிந்தது. ஹேரான் வண்டியை ஓரத்து ஒதுக்கிடத்தில் நிறுத்திச் சாவியைத் திருகினாள். எஞ்சின் அடங்கியது. இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தாள். உள்ளே முழுக்கப் புகை. கண் எரிந்தது. குருடி மாதிரித் துழாவினாள். பெல்ட்டை அவிழ்த்த நினைவுகூட இல்லை, ஒரு சின்னக் கை அவள் கைக்குள் வந்து ஒட்டிக்கொண்டது. இழுத்துக்கொண்டு எதிர்ச்சுவர்வரை ஓடினாள். பின்னால் கதவு தானாக அறைந்து சாத்திக்கொண்டது.

தீயணைப்புக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தாள். அதற்குள் அதுவே அடித்தது. சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிற பெயோன் என்பவர். எஞ்சின் மாற்றியதற்குக் கையெழுத்து வாங்கிய அதே ஆள்.

"மேடம், வண்டி எடுத்துட்டீங்களா? எடுக்காதீங்க. ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க மீன் இங்க மேசைமேலதான் இருக்கு."

"அப்போ என் வண்டியில இருக்கிறது?"

"எரிஞ்சுபோன வண்டி ஒண்ணு சோதனைக்கு வந்திருந்துச்சு. எல்லாம் கரிக்கட்டை, மீன் மட்டும் அப்படியே இருந்துச்சு. அதைத் தூக்கிப் போட யாருக்கும் தைரியம் வரல. உங்களோடதுக்குப் பக்கத்துல வச்சிருந்தோம். எங்க மெக்கானிக் மாத்திக் கட்டிட்டான்."

"அந்த வண்டிக்காரங்க?"

பெயோன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா தப்பிச்சுட்டாங்க மேடம். குழந்தைதான் பெல்ட்டுல மாட்டிக்கிச்சு. கடைசிவரைக்கும் கண்ணாடியத் தட்டிக்கிட்டே இருந்துச்சாம்."

"என் குழந்தை என் கையில இருக்கு," என்றாள் சத்தமாக. கைக்குள் இருந்த சின்ன விரல்களை இறுக்கிக்கொண்டாள். அவை சுட்டன. பயத்தில் காய்ச்சல் கண்டிருக்கும், பாவம்.

டொக்.

எஞ்சின் அணைந்துதான் கிடந்தது.

டொக். டொக்.

பின்சீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் புகை கொஞ்சம் விலகியது. மஞ்சள் கம்பளிக் குல்லாய். காலையில் அவளே மாட்டிவிட்டது. அதற்குக் கீழே போராமின் முகம். பெல்ட் கழுத்தோரம் இறுகியிருந்தது. வாய் திறந்து மூடியது. அம்மா. அம்மா.

போன் நழுவி விழுந்தது. ஓடப் பார்த்தாள். கை விடவில்லை. உதறினாள். விடவில்லை. மணிக்கட்டில் ஏதோ சுற்றிக்கொண்டே வந்தது. நூல். வெள்ளை நூல். தீய்ந்த கருவாட்டு வாடை இடுப்புயரத்தில் இருந்து வந்தது. கீழே குனிந்து பார்க்க அவளால் முடியவில்லை.

"நாமதான் தப்பிச்சுட்டோமேம்மா," என்றது, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்த அது.

எதிரே, கண்ணாடியில் பதிந்திருந்த போராமின் உள்ளங்கை மெல்லக் கீழே வழுக்கியது.