கேலரிக்கு ஒரே படிக்கட்டு

2006 சித்திரை மாதம், ஒரு மத்தியானம். பழைய மரம் வாங்கி விற்கும் பீர் முகைதீன் வேனிலிருந்து இறங்கினார். வேதக்கோயிலின் பூட்டைச் சண்முகத்தாய் திறந்துவிட்டாள். அங்கே கூட்டிப் பெருக்குவது அவள் வேலை.

கட்டடத்தைப் பார்த்ததும் பாய்க்குச் சிரிப்பு வந்தது. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர் தன் ஊர்க் கோயிலை அப்படியே இந்தக் கரிசலில் கொண்டுவந்து வைத்திருந்தார். பனி வழுக்கி விழுவதற்குச் செங்குத்தான கூரை. குளிர்காற்று புகாதிருக்க ஆள் நுழைய முடியாத சன்னல்கள். உள்ளே மூன்று பக்கமும் மாடிபோலத் தேக்கு மரக் கேலரி, அதற்கு ஒரே படிக்கட்டு. பாவம், மனுஷர் ஊரை மறக்கவே இல்லை.

"இந்த வெயிலுக்கு எதுக்குக்கா பனிக்கூரை?"

மூன்று வருஷமாகச் சண்முகத்தாய்க்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

சபை புதுக்கோயிலுக்குப் போனபின் ஒரு காண்டிராக்டர் இதை வாடகைக்கு எடுத்திருந்தார். சீசனில் கேலரியில் ஆட்களை உட்காரவைத்து, வெடிக்குத் திரி வைக்கும் வேலையைத் திருட்டுத்தனமாக நடத்தினார். பட்டாசுக் கம்பெனி அறைக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும். இங்கே இருந்தது அந்த ஒரு படிக்கட்டு. மூன்று வருஷத்துக்கு முன் விபத்து நடந்த அன்று, தீ அதில்தான் முதலில் ஏறியது.

வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் யாரும் செருப்போடு போவதில்லை, வாசலில் கழற்றிவிடுவார்கள். செருப்பைக் காணோம் என்றால் ஆள் வெளியே வந்தாயிற்று என்பது பட்டாசு ஊர்க் கணக்கு. பதறி ஓடிவந்த சண்முகத்தாய் வாசலைத்தான் முதலில் பார்த்தாள். கேலரியில் திரி வைக்கப் போயிருந்த மகள் அழகுமீனாவின் செருப்பு அங்கே இல்லை.

"மேல இன்னும் யாராச்சும் இருக்காகளா?" தீயணைப்புக்காரர் கத்தினார்.

"எம்மக தப்பிச்சிட்டா. யாருமில்லய்யா."

கேலரிக்குச் சாத்தியிருந்த ஏணியை எடுத்துவிட்டார்கள். தப்பி ஓடிய வேறொருத்தி பதற்றத்தில் அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருந்தாள். அழகுமீனாவை மறுநாள் கேலரி மூலையிலிருந்து எடுத்தார்கள்.

இப்போது, படிக்கட்டு எரிந்துபோயிருந்ததால், பாய் மூங்கில் ஏணியைச் சாத்தி மேலே போனார். தேக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"கருகினது போக மிச்சம் கல்லு மாதிரி இருக்குக்கா. ஏலே சுடலை, வாலே!" என்று வாசலில் நின்று வேனிலிருந்த வேலையாளைக் கூப்பிட்டார்.

அவருக்குப் பின்னால் ஏணி முனகியது.

மேல்படி.

அடுத்த படி.

கந்தக வாடை அடித்தது. ஏணியில் யாருமில்லை. ஆனால் படிகள் ஒவ்வொன்றாக அழுந்தி நிமிர்ந்தன. சண்முகத்தாய் பயப்படவில்லை. பயப்பட வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாக்கு எழவில்லை.

பாய் திரும்பாமலே கேட்டார்.

"மேல யாருமில்லல்லக்கா? ஏணிய எடுத்துரட்டுமா?"

அவள் வாய் தானாகத் திறந்தது.

"யாருமில்ல, பாய்."

கடைசிப் படிக்கு வந்திருந்த அது, நின்றது.

பிறகு ஒவ்வொரு படியாக மேலே ஏறிப்போனது.