மேலே வந்த பிள்ளை

டேரில் மூக்கால் மூச்சு விடுவதை நிறுத்திப் பதினொரு நாள் ஆகியிருந்தது. அந்தமானிலிருந்து திரும்பிய புதன்கிழமையை முதல் நாளாக வைத்தால், இந்தச் சனிக்கிழமை பதினொன்று. டோரீன் எதையும் இப்படி நாள் கிழமையோடு நினைவில் வைத்துக்கொள்கிறவள்.

லிங்கராஜபுரத்து வீட்டின் சமையலறையில் நின்று குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோதும் கூடத்திலிருந்து மகனின் மூச்சு அவளுக்குக் கேட்டது. வாயைத் திறந்து ஒரே நீளமாக உள்ளே இழுப்பது, பிறகு ஓர் இடைவெளி, அந்த இடைவெளிக்குள் தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துப் போய்ப் பக்கத்து வீட்டு மிக்சியும் ஒரு சுற்று ஓடி நின்றுவிடும், பிறகு அதே நீளத்துக்கு வெளியே விடுவது, கடைசியில் தொண்டைக்குள் ஏதோ குமிழியிட்டு உடைவது போல ஒரு சின்னச் சத்தம்.

டாக்டர் ஃபாத்திமாவிடம் காட்டியாயிற்று. "மூக்குக்குப் பின்னாடி சதை வளர்ந்திருக்கும்மா. எட்டு வயசுல இதெல்லாம் சகஜம். சொட்டு மருந்து போடுங்க, சரியாயிடும்," என்றார். சொட்டு மருந்து போடும்போது அவன் கண்ணை மூடவில்லை. இமைக்கவும் இல்லை.

மூத்தவள் சிந்தியாவுக்குப் பதினொரு வயது. அவளுக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"மம்மி, இவனை வேற ரூம்ல படுக்க வைங்க. பக்கத்துல படுத்தா ஐஸ் பெட்டி மாதிரி இருக்கான். பேசவும் மாட்டேங்குறான். எது கேட்டாலும் விரலை வளைச்சு வளைச்சு காட்டுறான், லூசு."

அந்த விரல் சைகை தண்ணீருக்கடியில் கற்றது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு வட்டம்: நான் நன்றாக இருக்கிறேன். முதல் இரண்டு நாள் எல்லோரும் சிரித்தார்கள். டேரிலின் அப்பா எரிக் அதைப் படம் எடுத்து, 'எங்க வீட்டு நீர்மூழ்கி' என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். மூன்றாம் நாளிலிருந்து டோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, எங்கேயாவது வலிக்கிறதா, எல்லாவற்றுக்கும் அதே வட்டம்.

அவன் அங்கே கடலுக்குள் இறங்கியிருக்கவே கூடாது. அது அவளுக்குத் தெரியும்.

டைவிங் கடையில் பத்து வயது முடிந்த பிள்ளைகளைத்தான் ஆழத்துக்குக் கூட்டிப்போவார்கள். சிந்தியாவுக்குத் தகுதி இருந்தது, தைரியம் இல்லை. "எனக்கு வேணாம்ப்பா, மீன் பார்க்கணும்னா ஊருக்குப் போய் கப்பன் பார்க் மீன் தொட்டில பார்த்துக்கலாம்," என்று மணலில் உட்கார்ந்துவிட்டாள். டேரில்தான் அழுதான். எரிக் அவன் தலையைத் தடவிக்கொண்டே, "பத்து முடிஞ்சிருச்சு சார், ஆள்தான் குள்ளம்," என்றான். பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்காக வயதைக் குறைத்துச் சொல்லிப் பழகிய வாய், அன்றைக்கு முதல் தடவையாக ஏற்றிச் சொன்னது. படிவத்தில் பிறந்த வருடத்தை மாற்றி எழுதியவள் டோரீன். அழகான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

பயிற்சியாளர் ஹெர்பர்ட் நல்ல மனிதர். இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, மூக்கை மறந்துவிடு, வாயால் மட்டும் மெதுவாக மூச்சு விடு என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு முங்கினார். டோரீன் கரையில் நின்று குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது இரண்டு வரிசை. இருபது நிமிடம் கழித்துத் திரும்பும்போது ஒரு வரிசைதான். அலையில் கலந்திருக்கும் என்று நினைத்தாள். தண்ணீரைப் பிளந்துகொண்டு இரண்டு தலையும் வந்தன. டேரில் "மம்மி" என்று கத்தவில்லை. இருமவில்லை. முகமூடியைக் கழற்றிவிட்டு, யாரோ அப்போதுதான் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திய ஒருத்தியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். விரலை வளைத்தான்.

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து வகுப்பு ஆசிரியை ஸ்ரீரஞ்சனி போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"லீவுல என்ன மந்திரம் பண்ணீங்க மேடம்? எழுத்து முத்து முத்தா இருக்கு. வலது கைக்கு மாத்திவிட்டீங்க பாருங்க, அதான்."

"நாங்க மாத்தலையே," என்று சொல்ல வாயெடுத்து, "தேங்க்ஸ் மிஸ்," என்று சொல்லி வைத்துவிட்டாள். ஸ்பூன் பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து டேரில் இடது கைக்காரன். ராத்திரி எரிக்கிடம் சொன்னபோது, "நல்லதுதானே, விடேன். நீ ஏன் எல்லாத்தையும் நோண்டுற?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். இன்றைக்கு அவனுக்குப் பீன்யா தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட். வர ராத்திரி ஆகும்.

மூன்று மணிக்கே வானம் கறுத்துவிட்டது. மழை இன்னும் விழவில்லை. ஜன்னலுக்கு வெளியே குல்மோகர் மரம் அசையாமல் நின்றது. கரண்ட் போனது. மின்விசிறி இரண்டு மூன்று சுற்று தானாகச் சுற்றி, முனகி, நின்றது. மிக்சி இல்லை, டிவி இல்லை. வீட்டுக்குள் ஈரக் கயிற்றின் வாடை வந்தது. கடற்கரையில் படகைக் கட்டிப்போடும் கயிற்றின் வாடை.

போன் அதிர்ந்தது. ஹெர்பர்ட்டிடமிருந்து ஒரு வீடியோ. கீழே ஒரு வரி: 'மேடம், தண்ணிக்குள்ள எடுத்தது. கேமரா கார்டை இன்னிக்கு காலையிலதான் திறந்து பார்த்தேன். பார்த்துட்டு கூப்பிடுங்க.'

சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். பச்சை கலந்த நீலம். ஆரஞ்சு நிறச் சட்டையில் டேரில், முகமூடிக்குள் கண்கள் பெரிதாக, ஒரு மீன் கூட்டத்தைக் காட்டிக் குதிக்கிறான். இடது கையால் காட்டுகிறான். அவள் தன்னையறியாமல் சிரித்தாள். இது அவன். இதுதான் அவன். பவளப் பாறைக்குப் பக்கத்தில் மணலில் முட்டி போட்டு உட்காருகிறான். ஹெர்பர்ட்டின் கை வந்து கட்டைவிரலை மேலே நீட்டிக் காட்டுகிறது: மேலே போகலாம். ஒரு சின்னக் கை அந்தக் கையைப் பற்றுகிறது. கேமரா மெதுவாக மேலே எழும்புகிறது. ஆரஞ்சுச் சட்டையும் கூடவே எழும்புகிறது. வெளிச்சம் கூடுகிறது.

அப்போது கேமரா ஆடி ஒரு கணம் கீழே திரும்புகிறது.

மணலில் டேரில் உட்கார்ந்திருந்தான்.

அதே ஆரஞ்சுச் சட்டை. முகம் மேலே நிமிர்ந்திருந்தது. இடது கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினான். மேலே. மறுபடியும் உயர்த்தினான். மேலே. படம் சிறியதாகிக்கொண்டே போனது. சின்னப் புள்ளியாகும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

அவள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மூன்றாம் முறையும். பிறகு ஹெர்பர்ட்டை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"மேடம், பையன் வீட்லதானே இருக்கான்?"

"இருக்கான்."

"கண்ணால பார்த்துச் சொல்லுங்க."

"கூடத்துல இருக்கான். அக்கா கூட."

எதிர்முனையில் அலைச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் உயர்ந்தது.

"நான் கையை விடவே இல்ல மேடம். மாதா சத்தியமா சொல்றேன். பிடிச்ச கையை விடாமத்தான் மேலே கூட்டிட்டு வந்தேன்."

"திரும்பப் போய்ப் பார்த்தீங்களா?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"வீடியோவைப் பார்த்த உடனே, காலையிலேயே போனேன்."

"ஹெர்பர்ட்."

"உக்காந்திருக்கான் மேடம். அவன் சிலிண்டர்ல முக்கால் மணி நேரத்துக்குக்கூடக் காத்து கிடையாது. ஆனா குமிழி வருது."

அவள் கை மேடையின் விளிம்பைப் பற்றியது. "கூட்டிட்டு வாங்க. தூக்கிட்டு வாங்க. இப்பவே போங்க, நான் வர்றேன், அடுத்த பிளைட்ல வர்றேன்."

"கிட்ட போனேன். கையை நீட்டுறான். என்னால பிடிக்க முடியல, கை தண்ணி மாதிரி போயிடுது." ஹெர்பர்ட் அழுதுகொண்டிருந்தார். "இன்னொண்ணு மேடம். அவன் பக்கத்துல மணல்ல ஒரு பள்ளம் இருக்கு. புதுசா. அவனை விடக் கொஞ்சம் பெரிய ஆள் உக்கார்ற அளவுக்கு. யாரும் இல்ல. பள்ளம் மட்டும்."

கொஞ்சம் பெரிய ஆள்.

"மம்மி," என்று கூடத்திலிருந்து சிந்தியா கூப்பிட்டாள். விளையாட்டுக் குரல்தான். பாதிச் சிரிப்பு, பாதிச் சலிப்பு. "மம்மி, இவனைப் பாருங்களேன், கையை விட மாட்டேங்குறான். டேய், வலிக்குதுடா. விடுடா."

பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை.

சமையலறையிலிருந்து கூடத்துக்கு ஆறே எட்டுத் தூரம். போன் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. ஒரு எட்டு. கயிற்று வாடை இன்னும் கூடியிருந்தது. இரண்டு. வெளிச்சம் பச்சையாக இருந்தது. மழை மேகம், மழை மேகம்தான். மூன்று. காற்றில்லை. ஜன்னல் திரை ஆடவில்லை. நான்கு.

இருவரும் சோபாவில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். முதுகு நேராக. கை கோத்து. அவனுடைய வலது கைக்குள் அவளுடைய கை.

"சிந்தியா. எழுந்து வா. மம்மி கிட்ட வா."

சிந்தியாவின் கண் மட்டும் திரும்பியது. அதில் முழுப் பயம் இருந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

டேரிலின் முடி எழும்பியது. நெற்றியிலிருந்து மெல்லப் பிரிந்து, மேலே போய், ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, நின்றுபோன மின்விசிறிக்குக் கீழே நிதானமாக ஆடியது.

டோரீன் பாய்ந்து மகளின் தோளைப் பிடித்தாள். விரல்களுக்குள் சில்லென்று எதுவோ வழிந்து போனது. தோள் அங்கேயே இருந்தது. மறுபடி பிடித்தாள். மறுபடி.

அவள் கண்ணெதிரே, காலையில் அவளே எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, ஒன்றன்பின் ஒன்றாக, சிந்தியாவின் தோளை விட்டு மேலே எழும்பத் தொடங்கியது.