289-ஆம் ஞானப்பாட்டு

காலை 8.10.

அங்கி அறையின் அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே போதகரின் கறுப்பு அங்கி தொங்கியது. அதன் கீழே நேற்று மாலை அவர் வைத்த பழுப்பு உறை மட்டும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். தெருவும் மரங்களும் இன்னும் கண் விழிக்காதது போல இருந்தன.

அந்த உறைக்குள் இருந்தது அவரைப் பற்றிய ரகசியக் கோப்பு. பழைய ஆட்சியை எதிர்த்துப் பிரசங்கம் செய்த அந்த லுத்தரன் போதகரை உளவுத்துறை பதினோரு வருடம் வேவு பார்த்திருந்தது. இரண்டு வருடம் சிறையிலும் வைத்தது. இப்போது ஆட்சி கவிழ்ந்துவிட்டது. புதுக் கட்சி அவரைத் தேர்தலில் நிற்க அழைத்திருந்தது. உளவு சொன்ன யாருக்கும் கட்சியில் இடமில்லை. ஆகவே வேட்பாளர்கள் எல்லோரும் தங்கள் கோப்பை, முத்திரை உடையாமல், இன்று பதினோரு மணிக்குக் கட்சியின் தேர்வுக் குழு மேஜையில் வைக்க வேண்டும். கோப்பு காணோம் என்று சொன்னால் அதை யார் நம்புவார்கள்? அவரே ஒளித்துவிட்டார் என்றுதான் ஊர் பேசும்.

காலை 8.35.

இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. ஆலயத்துக்குள் நுழைந்ததும் கால்கள் தாமாகவே கடைசி பெஞ்சுக்குப் போயின.

“அதே இடம்தான் மேடம்,” என்றார் கோயில்பிள்ளை. ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றும் கிழவர். “அந்தக் காலத்துல இங்கதானே உக்காந்து எழுதிட்டிருப்பீங்க.”

இன்ஸ்பெக்டர் மறுக்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாளில் அவருக்குக் கிடைத்த பணி, இந்த ஆலயத்தை வேவு பார்ப்பது. சுவரில் மாட்டிய பலகையில், ஓர் இலக்கத்துக்கு ஒரு மரக்கட்டையாக, பாட்டு எண்கள் வரிசையாக இருக்கும். அவை ரகசியச் சங்கேதம் என்று மேலதிகாரி சந்தேகப்பட்டார். இரண்டு வருடம், ஞாயிறு தவறாமல், எண்களைக் குறித்து அனுப்பினார். கடைசியில் அவை வெறும் பாட்டுகளாகவே இருந்தன. அவருக்கு ஞானப்பாட்டுப் புத்தகம் மனப்பாடமானதுதான் மிச்சம்.

இப்போதும் கண் பலகைக்குப் போனது. 41. 117. 289. நாளைய ஆராதனைக்கான எண்கள். போதகர் சபையிடம் விடைபெறும் ஆராதனை.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. ஏழு மணிக்குப் போதகர் உறையைக் கண்ணால் பார்த்தார். அறையைப் பூட்டிச் சாவியைப் பீடத்தின் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு நடக்கப் போனார். எட்டு மணிக்குத் திரும்பினார். சாவி இருக்கும் இடம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். கோயில்பிள்ளை வாசலில் சருகு பெருக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பனியில் அவரை யாரும் பார்க்கவில்லை. போதகரின் மனைவி பக்கத்து வீட்டில் தனியாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாமவர் ஆர்கன்காரர், போதகரின் கல்லூரித் தோழர். அவர் மாடியில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு மணி நேரமும் ஆர்கன் ஓயவில்லை. மற்ற இருவருமே அதற்குச் சாட்சி.

“நிக்கவே இல்லையா?” என்று மனைவியிடம் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“இல்லையே. நடுவுல ரொம்ப நேரம் ஒரே சுரம். ஆர்கன் அண்ணன் சுருதி பாக்கறார்னு நெனச்சேன். பனி வேற, அந்தச் சத்தம் வேற. நின்னுக்கிட்டே கனவு கண்டிருக்கேன் போல.” அவர் சட்டையை விரித்துக் காட்டினார். காலரில் பழுப்பாக ஒரு தீய்ந்த தடம். “இதைப் போட்டுக்கிட்டா எப்படி ஓட்டு விழும்?”

காலை 9.20.

இன்ஸ்பெக்டர் பலகையின் முன் நெடுநேரம் நின்றார். ஜன்னல் கண்ணாடியின் நீல ஒளி எண்களின் மேல் நீர் போல அசைந்தது.

“இந்த எண்களை யார் மாட்டினது?”

நேற்று சாயங்காலம் தானே மாட்டியதாகச் சொன்னார் கோயில்பிள்ளை. போதகர் எழுதிக் கொடுத்த சீட்டும் சட்டைப்பையில் இருந்தது. அதைப் பிரித்தார் இன்ஸ்பெக்டர். 41. 117. 286.

“பெரியவரே, 289 என்ன பாட்டு?”

கோயில்பிள்ளை பலகையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. “அடக்க ஆராதனைப் பாட்டு. நான் அதை மாட்டுவேனா? முப்பது வருஷ வேலை மேடம் இது.”

“நீங்க மாட்டலை. யாரோ கடைசிக் கட்டையை உருவியிருக்காங்க. திரும்ப மாட்டும்போது தலைகீழா மாட்டிட்டாங்க. ஆறு ஒன்பதாயிடுச்சு.”

கட்டையைக் கழற்றினார். விரல் அகலம், அட்டை கனம். இரு பக்க ஓரங்களிலும் புதிய கீறல்.

எல்லோரும் மாடி ஏறினார்கள். ஆர்கன்காரர் எழுந்து நின்றார். இன்ஸ்பெக்டர் ஆர்கனில் ஒரு சுரக்கட்டையை அழுத்தி, அதற்கும் பக்கத்துச் சுரக்கட்டைக்கும் நடுவே அந்த எண் கட்டையைச் செருகினார். கையை எடுத்தார். சுரம் நிற்கவில்லை. மின்சாரக் காற்றில் அது பாட்டுக்கு ஒலித்து, கூரை முழுவதும் நிறைந்தது.

“ஆள் இல்லாமலே வாசிக்குது,” என்றார். “அறைக்குப் போய்ட்டு வரப் பத்து நிமிஷம் போதும். இந்த சாட்சி வேற யாருக்கும் தேவைப்படலை சார். உங்களுக்குத்தான்.”

ஆர்கன்காரர் எண் கட்டையை உருவி அவரிடம் நீட்டினார்; சுரம் நின்றது.

“உறை இந்த மாடியிலதான் இருக்கணும். 286 வாசிங்க,” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் உட்கார்ந்தார். முதல் வரி அழகாகவே வந்தது. இரண்டாம் வரியில், முப்பது வருடப் பழக்கத்தில், இடது பாதம் தானாகக் கடைசி மிதிகட்டைக்குப் போனது. சுரம் வரவில்லை. மூச்சுவிடுவது போலக் காற்று மட்டும் வந்தது.

அந்தச் சுரத்துக்கான பெரிய மரக்குழாயின் வாய்க்குள் கைவிட்டு உறையை எடுத்தார் இன்ஸ்பெக்டர். முத்திரை உடையவில்லை.

“எரிக்க நேரம் கிடைக்கலையா?”

“மனசு வரலை,” என்றார் ஆர்கன்காரர். பிறகு போதகரை நிமிர்ந்து பார்த்தார். “என் தம்பியைப் பிடிச்சு வெச்சிருந்தாங்க. ஏழு தடவை உன்னைப் பத்தி எழுதிக் கொடுத்தேன்.”

“ஏழோட ஏன் நிறுத்தினே?”

“அதுக்கப்புறம் நீ உள்ள போயிட்டே.”

கீழே பீடத்தில் ஒரு மெழுகுவர்த்தி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஜெபிக்கும்போது போதகர் பீடத்தைப் பார்த்து நிற்பார். பேசும்போது ஜனங்களின் பக்கம் திரும்புவார். இப்போதும் மாடிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பீடத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பினார்.

“பதினோரு மணிக்கு இதை மேஜையில வெப்பேன். வெக்காம இருக்க முடியாது.”

“தெரியும்.”

“அவங்க பிரிச்சுப் படிக்கறதுக்கு முன்னாடி நீயே உன் வாயால சொல்லிடு. நான் பக்கத்துல நிக்கறேன்.” உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். “கார்ல இடம் இருக்கு. பாட்டை முடிச்சுட்டு வா.”

காலை 10.25.

பனி விலகத் தொடங்கியிருந்தது. தீய்ந்த காலரோடு போதகர் காரில் காத்திருந்தார். அவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவு திறந்தே இருந்தது. ஆலயத்துக்குள்ளிருந்து 286 கேட்டது, இம்முறை அடிச்சுரமும் சேர்ந்து.

இன்ஸ்பெக்டர் எண் கட்டையை நேராகப் பலகையில் மாட்டினார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அறிக்கை எழுதத் திறந்த நோட்டில் பழக்கதோஷத்தில் பாட்டு எண்ணை எழுதினார். அதற்குக் கீழே எழுத வேறெதுவும் தோன்றவில்லை.

பாட்டு முடிந்தது. படியிறங்கும் காலடிச் சத்தம் அவரைக் கடந்து வாசலுக்குப் போனது. வெளியே, கார்க் கதவு சாத்தப்பட்டது.