குழந்தையம்மாளின் தபால் ஓட்டு

2006 அக்டோபர் 7, சனிக்கிழமை. மங்கலத்துக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்தில், பள்ளி ஆசிரியை குழந்தையம்மாள் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அவள் அப்போது உள்ளாட்சித் தேர்தல் பயிற்சி வகுப்பில் இருந்தாள். கையெழுத்துப் போட்டுத் தபாலை வாங்கியவன் அவளுடைய கொழுந்தன் மகுடேஸ்வரன்.

மறுநாள் காலை தறிகளுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் பக்கத்துத் தறிக் கொட்டகையின் இரைச்சலில் வீட்டுப் பேச்சு வெளியே போகாது. அன்று அடுப்பில் தோசை சுடும் சத்தம்கூட வாசல் வரை கேட்டது.

மகுடேஸ்வரன் பிரித்த உறையைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தான். அண்ணன் மனைவியை அவன் நங்கையா என்றுதான் கூப்பிடுவான்.

"நங்கையா, உங்களுக்கு ஒரு வேலையை மிச்சம் பண்ணிட்டனுங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உறையைத் திறந்தாள். உள்ளே ஓட்டுச் சீட்டுகள், ஒரு உறுதிமொழிப் படிவம், சின்ன உறை, பெரிய உறை. ஊராட்சித் தலைவர் பதவிக்கான சீட்டில் பூட்டு சாவி சின்னத்துக்கு நேராக நீலப் பேனாவில் ஒரு டிக் இருந்தது. பெயர், சுபஸ்ரீ. மகுடேஸ்வரனின் மனைவி.

"இது யாரு போட்டது?"

"நாந்தானுங்க. உங்களுக்குத்தான் பள்ளிக்கூடம், பயிற்சின்னு நேரமே இல்லையே. இனி கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க. நானே கொண்டுபோய்ச் சேர்த்தர்றேன்."

அவன் முகத்தில் கள்ளம் ஏதும் இல்லை. உதவி செய்த களைதான் இருந்தது. அதுதான் அவளுக்கு மிகவும் வலித்தது.

அந்த முறை தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அரசு ஆசிரியை நிற்க முடியாது. அதனால் சின்ன மருமகளை நிறுத்தினார்கள். ஊரெல்லாம் ஒட்டிய சுவரொட்டியில் வேட்பாளர் சுபஸ்ரீயின் படத்தைவிட மகுடேஸ்வரனின் படம் பெரிதாக இருந்தது. "நிக்கறது பொண்டாட்டி, சிரிக்கறது புருசனா?" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள்.

"மகுடு, ஓட்டுப் போடற ஆளு நாந்தான்னு ஒரு அதிகாரி முன்னால நான் கையெழுத்துப் போடோணும். போட்டது நீ. நான் எப்படிப் போடறது?"

"எல்லாம் ஒண்ணுதானுங்க. நம்ம ஊட்டு ஓட்டு..."

"ஊட்டு ஓட்டு இல்ல, கண்ணு. என்ற ஓட்டு."

உள்ளேயிருந்து மாமியார் ராமாத்தாள் வந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து தேறிய நடை அவளுக்கு.

"என்ற ஓட்டு, உன்ற ஓட்டுன்னு எப்ப இருந்து பிரிச்சே? இந்த ஊட்டுல சோத்தைக்கூட அப்படிப் பிரிச்சதில்லையே..."

"சோறு வேற, இது வேறங்க அத்தை. இருபத்திரண்டு வருசமா ஊர் ஊராப் போயி மத்தவங்க விரல்ல மை வெச்சுட்டு வர்றேன். என்ற ஓட்டு ஒண்ணுகூட எண்ணுனதில்லைங்க. ஒருக்கா விண்ணப்பம் நேரங்கழிச்சுப் போச்சு. இன்னொருக்கா உறுதிமொழித் தாளையும் சின்ன உறைக்குள்ளயே வெச்சு ஒட்டிட்டேன். செல்லாதுன்னு தூக்கிப் போட்டுட்டாங்க. இந்தத் தடவைதான் மொதப் பயிற்சி வகுப்புலயே பணி ஆணையைக் காட்டி, வார்டு நெம்பரு, வரிசை நெம்பரெல்லாம் சரியா எழுதிக் குடுத்தேன்."

"அவ்வளவு ஆசையா இருக்கறவ, போட்டதை அப்படியே அனுப்பறதுக்கு என்ன? அந்தத் தெக்கத்திக்காரிக்குப் போடோணும், அதானே?" ராமாத்தாளின் குரல் உடைந்தது. "தறிக்கு வந்தவன் பொண்டாட்டி நாகஜோதி. நம்மளை எதுத்து நிக்கறா. அவ புள்ளை உன்ற கிட்டப் படிக்குது. நேத்துச் சாயங்காலம் அவ டீச்சரு டீச்சருன்னு உன்ற கையைப் புடிச்சுட்டு நின்னதை ஊரே பாத்துச்சு. என்ற மூத்த மவன் வெள்ளியங்கிரி செத்துப் போனதுக்கப்பறமும் உன்னைய இந்த ஊட்டுல மவ மாதிரி வெச்சிருந்தமே... அதுக்கா இது?"

குழந்தையம்மாள் அடுப்பை அணைத்தாள். கணவன் இறந்தபோது அவளைத் தாய் வீட்டுக்கு அழைக்க வண்டி வந்து நின்றது. அவள் ஏறவில்லை. தொலைவில் உள்ள கொமரலிங்கத்தில் தலைமை ஆசிரியைப் பதவி கிடைத்தபோது, இடுப்பு ஒடிந்து கிடந்த இதே மாமியாருக்காக வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள். அதையெல்லாம் சொல்லிக்காட்ட அவளுக்கு ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை.

"யாருக்குப் போடுவேன்னு நான் சொல்லமாட்டனுங்க. உங்க மவன் உசுரோட இருந்து கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

சுபஸ்ரீ கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை குழந்தையம்மாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனாள். தேர்தல் பிரிவில் குமாரசாமி என்ற அதிகாரி இருந்தார். சுற்றிலும் ஆசிரியர்கள் பணி ஆணைக்காக நின்றிருந்தார்கள். அவள் உறையை மேசைமேல் வைத்தாள்.

"தாள் கெட்டுப் போச்சுங்க. திருப்பிக் குடுத்தா வேற குடுப்பீங்கன்னு பயிற்சி வகுப்புல சொன்னாங்க."

"தெரியாம கெட்டுப் போயிருந்தாக் குடுக்கலாம்." அவர் சீட்டைப் பார்த்தார். "டிக் சுத்தமா இருக்குதே. இதுல என்னங்க கெட்டுப் போச்சு? வேற யாராச்சும் போட்டுட்டாங்களா? அப்படின்னா அது போலீசுக்குப் போற விசயம்."

"என் பேருக்கு வந்த தாள். நான் பத்திரமா வெச்சுக்கலை. தப்பு என்னுதுங்க."

"நான் கேட்டது அதில்லீங்க."

"தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்தர்றனுங்க."

குமாரசாமி ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஒரு ஓட்டுச் சாவடியவே நடத்தப் போறீங்க. சொந்தத் தாள் ஒண்ணைக் காப்பாத்தத் தெரியலையே, டீச்சர்."

யாரோ சிரித்தார்கள். தன் வேலைக்காலம் முழுவதும் ஒரு மெமோ வாங்காதவள், விளக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பழைய சீட்டுகளை ரத்து செய்து புதியவற்றைக் கொடுத்தார்கள்.

மாலையில் பள்ளி விட்டபின், காலி வகுப்பறையின் கதவைச் சாத்திக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். கரும்பலகையில் யாரோ போட்ட கழித்தல் கணக்கு அழியாமல் இருந்தது. பேனாவைத் திறந்தாள். ஒவ்வொரு சீட்டிலும் தானே குறி போட்டாள். சீட்டுகளைச் சின்ன உறைக்குள் வைத்து ஒட்டினாள். உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் முன்னால் உறுதிமொழியில் கையெழுத்திட்டாள். அவர் பச்சை மையில் சான்றளித்தார். அந்தத் தாளையும் சின்ன உறையையும் பெரிய உறைக்குள் வைத்தாள். மறுநாள் காலை அதைத் தன் கையாலேயே ஒன்றிய அலுவலகப் பெட்டியில் போட்டாள். பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் நகர்ந்தாள்.

வீட்டில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சமைத்து வைத்தாள், சாப்பிட்டார்கள். ராமாத்தாளுக்குத் தைலம் தேய்க்கப் போனால், "வேண்டாம் போ" என்று கால்களை இழுத்துக்கொண்டாள். ஞாயிறன்று வாக்குப்பதிவு. குழந்தையம்மாள் வேறொரு ஊரில் இருந்தாள்.

எண்ணிக்கைக்கு முதல் நாள், முகவர் அனுமதிச் சீட்டு வாங்க சுபஸ்ரீ ஒன்றிய அலுவலகம் போனாள். மகுடேஸ்வரன் வெளியே ஆட்களோடு நின்றிருந்ததால் தனியாகத்தான் உள்ளே போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றாமலேயே நடுக்கூடத்தில் நின்றாள்.

"ஏனுங்க, அக்கா அந்தத் தாளை எதுக்குத் திருப்பிக் குடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நாகஜோதிக்குப் போடறதுக்கு," என்றான் மகுடேஸ்வரன்.

"குமாரசாமி சார் சொன்னாரு. வேற ஆளு போட்டிருந்தா போலீசுக்குப் போயிருக்குமாம். யாருன்னு துருவித் துருவிக் கேட்டாராம். தப்பு என்னுது, தப்பு என்னுதுன்னே நின்னாங்களாம். அத்தனை வாத்தியாருங்க சிரிக்கச் சிரிக்க எழுதிக் குடுத்துட்டு வந்திருக்காங்க. நீங்க இங்க சோறு உண்டுட்டு அவங்களைத் தெக்கத்திக்காரி ஆளுன்னு பேசிட்டு இருக்கறீங்க."

மகுடேஸ்வரன் உட்கார்ந்துவிட்டான். ராமாத்தாளின் கையிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றது.

"நங்கையா... எனக்குத் தெரியாதுங்களே..."

"தெரிஞ்சா செஞ்சிருக்க மாட்டே. அது எனக்குத் தெரியும், மகுடு. அதனாலதான் சொல்லலை," என்றாள் குழந்தையம்மாள்.

"நான் போயிச் சொல்லிடறனுங்க. உங்க கடுதாசியைத் திருப்பி வாங்கீட்டு வந்தர்றேன்."

"விடு, முடிஞ்சு போச்சு."

"முடியலைங்கக்கா," என்றாள் சுபஸ்ரீ. அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "இவரு போயித்தான் ஆகோணும். அக்கா தாள்ல இவரு போட்டா அது உதவின்னா, நாளைக்கு நான் செயிச்சா என்ற கையெழுத்தையும் உதவின்னு இவரே போடுவாரு. அன்னைக்கே எனக்குத் தோணுச்சு. வாயைத் திறக்கலை. இந்தாளுக்குப் பயந்துட்டு, உங்களைத் தனியா நிக்க வெச்சுட்டேன்..."

அவள் குழந்தையம்மாளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குழந்தையம்மாள் அவள் முதுகைத் தடவினாள். அத்தனை நாள் அடக்கி வைத்த கண்ணீர் அவளுக்கும் அப்போதுதான் வந்தது.

ராமாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"எனக்காவ கொமரலிங்கத்தை விட்டே. இவனுக்காவ மானத்தையும் விட்டுட்டு வந்தே. நான் உன்னைய வெச்சிருந்தேன்னு சொன்னேன் பாரு... நீதான் சாமி எங்களை வெச்சிருந்தே."

"அழுகாதீங்க அத்தை. வந்து உக்காருங்க. தைலம் தேய்க்கறேன்."

காலை நீட்டியபடி ராமாத்தாள் மூக்கை உறிஞ்சினாள். "எல்லாஞ்சரி. இப்பவாச்சும் சொல்லு. யாருக்குத்தான் போட்டே?"

குழந்தையம்மாள் தைலப் புட்டியைத் திறந்தாள். சுபஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கேக்காதீங்க அத்தை. நானே கேக்கலை."

அன்று மாலையே மகுடேஸ்வரன் ஒன்றிய அலுவலகம் போனான். குமாரசாமி அவனிடம் நடந்ததை எழுதி வாங்கிக்கொண்டு, குழந்தையம்மாளின் கடிதத்தோடு சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பினார். ஆசிரியைமீது குற்றமில்லை என்று பிறகு பதில் வந்தது. மகுடேஸ்வரனை எழுத்துமூலம் எச்சரித்தார்கள்.

அக்டோபர் 18 அன்று ஓட்டுகள் எண்ணப்பட்டன. தபால் ஓட்டுகளை முதலில் எடுத்தார்கள். அந்த ஊராட்சிக்கு வந்தவற்றில் எதுவும் தள்ளுபடியாகவில்லை. சுபஸ்ரீ நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் வென்றாள். பதவியேற்பன்று பதிவேட்டில் அவளே கையெழுத்திட்டாள். மகுடேஸ்வரன் வெளியே வண்டியருகே நின்றிருந்தான்.